கழுவாத முட்டி

கனடா ஸ்காபரோவில இருந்து மச்சான் வந்து நிண்ட மூண்டு கிழமையும் வீட்டில கள்ளுக் கதைதான். அம்மா ரெண்டு தரம் ஏசிப்போட்டா. இதை ஆராவது அவவுக்கு வாசிச்சுக் காட்டினா மூண்டாம் தரமும் ஏசுவா. எண்டாலும் எழுதாமல் இருக்கேலாமல் கிடக்கு.

மச்சான் ஒரு கிராஃப்ட் பியர் விசரன், சின்னச் சின்ன இடங்களில கொஞ்சமாக் காய்ச்சிற பியர் அது. அங்கை அவனோட ஏழெட்டுப் பேர் ஒரு கோஷ்டி. சனிக்கிழமையில ஏதாவது ஒரு சின்ன புறூவரிக்கு, அதுதான் பியர் காய்ச்சிற இடத்துக்குப் போய், கைக்குள்ள அடங்கிற கிளாசில நாலு வகை வாங்கி வைச்சு, மணந்து, ஒரு வாய் உறிஞ்சி, வாதாடி, போனில மார்க் போட்டுப்போட்டு வீட்டை போவினமாம். வெறிக்கக் குடிக்கிற ஆக்கள் இல்லை. தண்ணியடிக்கப் போய் நோட்ஸ் எடுக்கிற சனத்தை நான் இப்பதான் கேள்விப்படுறன் எண்டு சிரிச்சன். "உங்கட தவறணையில, கள்ளுக்கடையில, கிழடுகள் செய்யிறதும் இதுதானேடா" எண்டான். அப்ப எனக்கு அது விளங்கேல்லை.

அவனுக்குப் புளிப்புப் பியரில தான் கூடப் பைத்தியம். பெல்ஜியத்தில, பிரசெல்சில கான்டியோன் எண்டொரு புறூவரி, 1900இல தொடங்கினது. அவை தானியத்தைக் காய்ச்சின தண்ணியை அகலமான செப்புத் தட்டில ஊத்தி, ராத்திரி முழுக்கத் திறந்து விடுவினமாம். காத்தில வாற ஈஸ்ற் தானா விழுந்து புளிக்க வைக்கும். குளிர் மாசத்தில மட்டும்தான் இந்த வேலை. பிறகு மரப்பீப்பாவுக்கை ஒண்டு, ரெண்டு, மூண்டு வருசம் கிடக்கும். லாம்பிக் எண்டு பேர். ஒரு போத்தலுக்கு அவன் குடுத்த காசைச் சொன்னான். எங்கட ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டிக்கு அது ஒரு மாசத்துக் கள்ளு.

ஓம், எங்களுக்கும் ஒரு கோஷ்டி இருக்கு. ஐஞ்சு பேர். கிளிநொச்சியில ஒருத்தன் கராஜ், ஒருத்தர் இளைப்பாறின வாத்தியார், மற்றவை கமம். பனைக் காலத்தில ஞாயிறு காலமை மோட்டச்சைக்கிளில வெளிக்கிடுறது. ஒரு கிழமை பளைப் பக்கம், ஒரு கிழமை பூநகரி. மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் காடும் வயலும், பனை குறைவு, அங்கை போறேல்லை. பளையில தென்னங்கள்ளும் கிடைக்கும், ஆனா வாத்தியார் அதைத் தொடமாட்டார். தென்னங்கள்ளைக் கள்ளு எண்டு சொல்லுறதே பிழை எண்டு ஒரு மணித்தியாலம் வகுப்பெடுப்பார். மச்சான் அவரைக் கண்டதும் ரொறன்ரோவில இருக்கிற தங்கட ஆளொருத்தரை உரிச்சு வைச்சிருக்கு எண்டான். ஐ.பி.ஏ. எண்ட கசப்புப் பியர் தவிர மற்றதெல்லாம் சர்பத் எண்டு சொல்லுற ஆளாம் அது.

நான் சொல்ல வந்தது அந்தப் பங்குனி ஞாயிறைப் பற்றி. பளைக்குக் கிழக்கால, மணல் ஒழுங்கை ஒண்டுக்குள்ள, நாங்கள் வழக்கமாப் போற ஒரு சீவல்கார அண்ணை. அறுபது தாண்டியிட்டார், இன்னும் 11 மரம் ஏறுறார், காலமையும் பின்னேரமும். அண்டைக்கு அவர் கள்ளு விக்கேல்லை, உறவுக்காக ஊத்தித் தந்தவர். மதுவரிக்காரர் ஆராவது வாசிச்சா அந்த வசனத்தை வடிவாக் கவனிக்கவும்.

அவர் மரத்தால இறங்கி, காலில இருந்த தளைநாரைக் கழட்டி வேலியில கொழுவினார். இடுப்பில பாளைக்கத்திக் கூடு. கள்ளு வடிஞ்ச முட்டிப் பானையை வைச்சு, மேல மிதந்த பன்னாடைத் தூசியையும் ரெண்டு தேனீயையும் விரலால எடுத்து எறிஞ்சுபோட்டு, பனையோலைப் பிளாவில ஊத்தி மச்சானிட்டை நீட்டினார். பிளாவை நான் கண்டு கனகாலம். இப்ப எல்லா இடமும் பிளாஸ்ரிக் கோப்பைதான். மச்சானுக்காக முதல்நாளே ஓலை வெட்டிக் கோலி வைச்சிருக்கிறார் மனுசன்.

மச்சான் உடனை குடிக்கேல்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வைச்சுக் கண்ணை மூடினான். ஒரு வாய் எடுத்து நாக்கில வைச்சிருந்தான். பிறகு என்னைப் பாத்து, "இதுக்குள்ள பிறெட் இருக்குடா" எண்டான். பிறெட் எண்டா பிறெற்றனோமைசிஸ், ஒரு காட்டு ஈஸ்ற். 1904இல கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில கண்டுபிடிச்சது. பழைய தோல், மாட்டுக்கொட்டில் மாதிரி ஒரு வாசம் குடுக்கும், லாம்பிக்கின்ர விலையே அந்த வாசத்துக்குத்தானாம். மச்சான்ர மூக்கு சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. நான் அண்ணைக்கு மொழிபெயர்த்தன்: அண்ணை, ஏதோ பழைய வாசம் ஒண்டு அடிக்குது எண்டு சொல்லுறான்.

அண்ணை சிரிக்கேல்லை. "அது முட்டி தம்பி. நான் இந்த முட்டியைக் கழுவுறேல்லை. அடி மண்டியை விட்டுப்போட்டுத்தான் திருப்பிக் கட்டுறது. கழுவினா அடுத்த நாள் கள்ளு பச்சைத்தண்ணி மாதிரி நிக்கும்" எண்டார். பிறகு முட்டியைத் திரும்ப மணந்து, "இது கிணத்தடி ஆண்பனை. மற்றது இப்பிடி மணக்காது" எண்டார்.

மச்சான் பிளாவைக் கையில வைச்சபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ஐரோப்பாவில பழைய பீப்பாவைக் கழுவி எடுத்தாலும் பலகைக்குள்ள அந்த ஈஸ்ற் இருக்கும், அதுதான் அந்த புறூவரியின்ர சொத்து எண்டு அவன் புத்தகத்தில வாசிச்சு வைச்சிருந்ததை, இந்த மனுசன் ரெண்டு வசனத்தில சொல்லிப்போட்டார்.

இதில மந்திரம் ஒண்டும் இல்லை. பாளையைக் கட்டி, இடுக்கி, நுனியைச் சீவிவிட்டா இனிப்புத் தண்ணி வடியும். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினா அது புளிக்காது, கருப்பநீர். காய்ச்சினா பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாட்டிக் கள்ளு. ஒரே மரம், ஒரே ஆள், ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். காத்தில, பாளையில, முட்டியில இருக்கிற ஈஸ்றும் பற்றீரியாவும் உடனை வேலையைத் தொடங்கும். ஒரு நாளைக்குள்ள நாலு, ஐஞ்சு வீத மதுசாரம் வரும். இன்னும் விட்டா வினாகிரி. பெல்ஜியக்காரனுக்கு மூண்டு வருசம் எடுக்கிற வேலை எங்கட வெயிலில ஒரு ராத்திரியில நடக்குது. அதுதான் எங்கட கள்ளின்ர அழகும், கெட்ட விதியும். அதை வைச்சிருக்கேலாது, தூரத்துக்கு அனுப்பேலாது.

அனுப்பிப் பாத்த ஆள் நான். கொழும்பில இருக்கிற சிநேகிதனுக்கு எண்டு ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில அடைச்சு பஸ்ஸில கொண்டு போனன். மாங்குளம் தாண்டேக்கை போத்தல் ஊதி நிண்டது. புளியங்குளத்தில மூடி பறந்தது. எனக்கு முன்னால இருந்த ஐயாவின்ர வெள்ளை வேட்டி, கொண்டக்டரின்ர வாய், எல்லாத்தையும் யோசிச்சுப் பாருங்கோ. ஓமந்தை மட்டும் நான் தலை நிமிரேல்லை. லாம்பிக்கைக் கலந்து அடைக்கிறதுக்குச் சம்பெயின் மாதிரி மொத்தப் போத்தலும் கட்டின தக்கையும் ஏன் எண்டு மச்சான் விளங்கப்படுத்தேக்கை, எனக்கு விளங்க வேண்டியது எப்பவோ அந்த பஸ்ஸில விளங்கியிட்டுது. கடையில விக்கிற போத்தல் கள்ளு வெடிக்காது, ஏனெண்டா அதைச் சூடாக்கி ஈஸ்றைக் கொண்டுபோட்டுத்தான் அடைக்கிறது. பாவிக்கலாம். ஆனா அது கள்ளின்ர பிரேதம்.

இனி என்ர வயித்தெரிச்சலுக்கு வாறன்.

ரொறன்ரோவில ஸ்ரீம் விசில் எண்டொரு புறூவரி. சி.என். கோபுரத்துக்குக் கீழ, பழைய ரயில் திருத்திற கட்டடத்துக்குள்ள, 2000ஆம் ஆண்டில தொடங்கினது. தொடங்கின மூண்டு பேரும் முந்தி வேலை செய்த புறூவரியால நிப்பாட்டப்பட்ட ஆக்கள். அந்தச் சூட்டில தங்கட பச்சைப் போத்தலின்ர அடியில "3எஃப்ஜீ" எண்டு பதிச்சு வைச்சிருக்கினம், "த்ரீ ஃபயர்ட் கைஸ்", வேலையால துரத்தப்பட்ட மூண்டு பேர் எண்டு அர்த்தம். மச்சான் ஒரு வெறும் போத்தலைக் கொண்டுவந்து காட்டினான். குடிக்கிறவனுக்குத் தெரியுது, ஆர் செய்தது, அவனுக்கு என்ன நடந்தது, எந்தக் கட்டடத்துக்கை நிண்டு செய்தான் எண்டு.

எங்கட அண்ணையின்ர கள்ளு தவறணைக்குப் போனா என்ன நடக்குது? லீற்றர் அளக்கினம், கொப்பியில எழுதுகினம், பீப்பாவுக்கை ஊத்துகினம். கிணத்தடி ஆண்பனையும், எவனோ தண்ணி விட்டுக் கொண்டுவந்ததும், முதல்நாள் மிஞ்சினதும் ஒண்டாப் போச்சு. நான் ஒருக்கா ஒரு தவறணையில, ஒரு கரும்பலகை வையுங்கோவன், இண்டைக்கு ஆற்றை கள்ளு, எந்த ஊர், எத்தினை மணிக்கு இறக்கினது எண்டு எழுதலாம் தானே எண்டு கேட்டன். "எல்லாத்தையும் ஒரு பீப்பாவுக்கை ஊத்திப்போட்டு ஆற்றை பேரைத் தம்பி எழுதுறது?" எண்டு சிரிச்சார் அதில இருந்தவர். நான் கேட்டதே அந்தப் பீப்பாவைப் பற்றித்தான்.

கூட்டுறவுச் சங்கத்தை நான் குறை சொல்லேல்லை, அவசரப்பட்டு அடிக்க வராதையுங்கோ. 1970களில பனை தென்னை வளச் சங்கங்கள் வரமுதல் குத்தகைக்காரன் வைச்சதுதான் விலை. சங்கம் வந்த பிறகுதான் சீவல் தொழிலாளிக்குக் கணக்கு, சேமிப்பு, விழுந்தா ஒரு உதவி எண்டு ஏதோ வந்தது. கலக்கிறதும் பிழையில்லை. பெல்ஜியத்திலயும் ஒரு வருசத்தையும் மூண்டு வருசத்தையும் கலந்துதான் விக்கினம், கலக்கிறவனுக்கு அங்கை தனி மரியாதை. நாக்கு வைச்சுக் கலக்கிறது ஒண்டு. கண்ணை மூடி ஊத்திறது இன்னொண்டு. நல்ல கள்ளு கொண்டுவாறவனுக்கும் தண்ணி விடுறவனுக்கும் ஒரே விலை எண்டா, நாளைக்கு ஆர் நல்ல கள்ளு கொண்டுவருவான்?

ஆனா பேர் போடாததுக்குப் பீப்பா மட்டும் காரணமில்லை எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் கதைக்கிறேல்லை. சீவினவன்ர கள்ளை இரவில பின்வேலியால வாங்கிக் குடிச்சுப்போட்டு, பகலில தேத்தண்ணிக் கடையில அவனுக்குத் தனிப் பேணி வைச்ச சனம் நாங்கள். இடப்பெயர்வில ஒரே பங்கருக்கை கிடந்தம், ஒரே வரிசையில கஞ்சிக்கு நிண்டம், அதெல்லாம் போச்சு எண்டு நினைச்சன். போகேல்லை. இப்பவும் கலியாண வீட்டில பின்பக்கம் வெளிநாட்டுப் போத்தல் நிண்டா மரியாதை, கள்ளு நிண்டா "உதென்ன பழக்கம்". எங்கட கோஷ்டியில ஒருத்தன் தவறணை வாசலில மோட்டச்சைக்கிளை நிப்பாட்ட மாட்டான், ரெண்டு வளவு தள்ளித்தான். அவன் இதை வாசிப்பான். வாசி.

குடியால வன்னி படுகிற பாட்டை மறந்துபோட்டு எழுதுறன் எண்டு நினைக்காதையுங்கோ. களவாக் காய்ச்சிற கசிப்பால நாசமாப்போன வீடுகள் என்ர ஒழுங்கையிலயே இருக்கு, தாலிக்கொடி அடைவுக்குப் போன கதை எனக்கும் தெரியும். அம்மா ஏசுறது சும்மா இல்லை. கள்ளும் குடிதான், நான் பால் எண்டு சொல்லேல்லை. ஆனா சாராயம் 33 வீதத்துக்கு மேலை, இளம் பெடியள் தூக்கிற ஸ்ரோங் பியர் 8.8 வீதம், கசிப்புக்குள்ள என்ன கிடக்கு எண்டு காய்ச்சினவனுக்கே தெரியாது. கள்ளை எல்லாத்திலும் கீழ்த்தரமாப் பாக்கிற சமூகம் வெறி கூடின சாமானுக்குத்தான் பெடியனைத் தள்ளிவிடுது. இது என்ர அபிப்பிராயம், மறுக்கிறவை மறுக்கலாம்.

இன்னொண்டு. அண்ணையின்ர வீட்டில முட்டி விசயம் அவருக்கு மட்டும் தெரிஞ்சதெண்டு நான் நினைச்சிருந்தன். வெளிக்கிடேக்கை அவற்றை மனுசி, அக்கா, குசினிக்குள்ள இருந்து பனங்கட்டிக் குட்டான் ரெண்டு கொண்டுவந்து தந்தா. கருப்பநீர் காய்ச்சிறது அவதான், எந்த மரத்துக்குச் சுண்ணாம்பு பூசுறது, எதைக் கள்ளுக்கு விடுறது எண்டு முடிவெடுக்கிறதும் அவதான். கிணத்தடி ஆண்பனையைக் கள்ளுக்கு விடச் சொன்னதும் அவவாம். இந்த நாட்டில பொம்பிளையள் குடிவகை வாங்கக்கூடாது எண்ட பழைய தடையை 2018 தையில நிதியமைச்சர் நீக்க, ஜனாதிபதி ஒரு கிழமைக்குள்ள அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னவர், ஞாபகமிருக்கோ? அந்தத் தடைப்படி, அக்கா தீர்மானிச்ச கள்ளை அக்கா கடையில வாங்கேலாமல் இருந்தது.

அண்ணைக்கு ரெண்டு பெடியள். ஒருத்தன் கட்டாரில, மற்றவன் வவுனியாவில போன் கடை. மரம் ஏற ஆக்கள் இல்லை. மரமும் குறைவுதான்: சண்டையில செல்பட்டுத் தலை போனது, பங்கருக்கு எண்டு நாங்களே தறிச்சது. பனை பாளை தள்ள 15 வருசம் மட்டில எடுக்கும், சிலதுக்கு 20. மீள்குடியேறி வந்த 2010இல முளைச்ச வடலி இப்பதான் பாளை தள்ளுற வயசுக்கு வருது. அண்ணையின்ர வேலியோரம் அப்பிடி ஆறு நிக்குது. ஆர் ஏறுறது எண்டு கேட்டன். மேல பாத்தார், பதில் சொல்லேல்லை.

மச்சான் போயிட்டான். போன கிழமை அவன்ர கோஷ்டி ஒரு புளிப்புப் பியர் குடிச்சிருக்கு. எல்லாரும் அதுக்கு நல்ல மார்க் போட, இவன் மட்டும் குறைச்சுப் போட்டானாம். கேட்டதுக்கு "முட்டியைக் கழுவிப்போட்டாங்கள்" எண்டு சொல்லியிருக்கிறான். ஒருத்தருக்கும் விளங்கேல்லையாம்.

இந்த ஞாயிறு பூநகரிப் பக்கம் போறம். வாற ஆக்கள் இன்பொக்சில சொல்லுங்கோ. சூடை மீன் பொரிச்சுக் கொண்டுவந்தா நல்லது, பிளாஸ்ரிக் கோப்பை கொண்டுவராதையுங்கோ. பத்து மணிக்கு முதல் வரோணும். மத்தியானம் திரும்பி வாறவைக்கு வினாகிரிதான் மிஞ்சும்.