நாலு மணி நேரம் மாஸ்க் போட்டால் போதாது

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் நோய்க்கு (ஸ்லீப் ஆப்னியா) மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைப்பது சிபேப் மெஷின். "சிபேப் மெஷின் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, மறதி மட்டும் போகலையே" என்று சொல்லிவிட்டுச் சிலர் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து ஏற்றாதீர்கள்.

தூக்கத்தில் 10 விநாடிக்கு மேல் மூச்சு நிற்பதும் பாதியாய் அடைபடுவதும் மணிக்கு 30 தடவையைத் தொட்டால் அது கடுமையான நிலை. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும், ஆளுக்கே தெரியாது. பகலில் அசதி, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை, மறதி. மனச்சோர்வும் இதே முகத்தோடுதான் வரும். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவது உங்கள் நம்பிக்கை. குறட்டை நடுவில் மூச்சு நிற்கிறதா என்று மதினிமாரும் லாத்தாமாரும் கவனித்து டாக்டரிடம் சொல்லவும் வேண்டும்.

மெஷின் மாட்டினால் முதலில் குறைவது பகல் தூக்கக் கலக்கம். மனசு லேசாக வாரக்கணக்கில் ஆகும். ஞாபகம் மாசக்கணக்கில், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம். 2006இல் 'செஸ்ட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மறதி இருந்த 58 பேரை 3 மாதம் பார்த்தார்கள். ராத்திரிக்கு 6 மணி நேரத்துக்கு மேல் மாட்டியவர்களில் 68 சதவீதம் பேருக்கு ஞாபகம் இயல்புக்கு வந்தது. 2 மணி நேரத்துக்கும் குறைவாக மாட்டியவர்களில் 21 சதவீதம்தான். எல்லோரும் சொல்லும் 4 மணி நேரம், மெஷினைப் பயன்படுத்துகிறாரா என்று பார்க்கும் கணக்கு. குணமாகும் அளவு இல்லை. கனவுத் தூக்கம் அதிகம் வருவது தூக்கத்தின் பின்பகுதியில். தொண்டைத் தசை மிகவும் தளர்வதும் அப்போதுதான். அந்த நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றினால் என்ன மிஞ்சும்?

ராத்திரி வலை இழுத்துவிட்டுப் பகலில் படுக்கும் பாம்பன், தங்கச்சிமடம் ஆட்களுக்கு: பகல் தூக்கத்துக்கும் மாட்டணும். பல மெஷின்களில் ஒரு நாள் என்பது நண்பகல் முதல் நண்பகல் வரை. காலை 9 மணிக்குப் படுத்து 3 மணிக்கு எழுந்தால் ரெண்டு நாளாய்ப் பிரிந்து, ரெண்டும் குறைவாய்த் தெரியும். டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். படகில் பேட்டரியில் ஓட்டினால் ஈரப்பதம் தரும் சூட்டை அணைத்துவிடுங்கள், அதுதான் கரண்டை அதிகம் தின்னும்.

மெஷினின் தண்ணீர்த் தொட்டியில் நம் ஊர்ப் போர் தண்ணீர் கூடவே கூடாது. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, வெள்ளைப் படலம் கட்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தினமும் புதுசாக. காலையில் வாய் வறண்டிருந்தால் வாய் வழியே காற்று ஒழுகுகிறது: மூக்கு மாஸ்க்கை மாற்றி வாயும் மூடும் மாஸ்க் கேளுங்கள். அதற்கு அடர்ந்த தாடி ஒத்துவராது, ஓரத்தில் ஒழுகும்.

தூக்க மாத்திரையையும் சரக்கையும் சொந்த முடிவில் எடுக்காதீர்கள், இரண்டும் தொண்டையைத் தளர்த்தும். அதேபோல், தெளிவு வந்ததும் மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மெஷினை ஒழுங்காய் மாட்டியும் மனசு இருண்டே கிடந்தால் அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.