நீலக் குறியும் பதில் வராத இருபது நிமிடங்களும்

நான் படித்த ஒரு கட்டுரையில், இளைஞர்களின் உறவுகள் மேலோட்டமாகிவிட்டதற்குக் கைப்பேசியே காரணம் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கைப்பேசி என்று பொதுவாகப் பழிப்பதைவிட, அதிலுள்ள செயலிகள் எவ்வாறு வடிவமைக்கப்பட்டுள்ளன என்று பார்ப்பதே பொருத்தமாக இருக்கும். 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீலக் குறிகளைக் கொண்டுவந்தபோது, செய்தி படிக்கப்பட்டுவிட்டது என்று அனுப்பியவருக்குத் தெரிவிப்பது மட்டுமே அவற்றின் வேலையாக இருந்தது. ஆனால், படித்த பிறகும் பதில் வராத இருபது நிமிடங்களை அலட்சியம் என்றும் கோபம் என்றும் பொருள்கொள்ளும் பழக்கம் அதன் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. என் மகளும் அவளுடைய தோழியும் ஒரு வாரம் பேசாமல் இருந்ததற்கு இதுவே காரணம். தோழியோ பேருந்தில் நின்றபடி செய்தியைத் திறந்துவிட்டு, இறங்கும் அவசரத்தில் மறந்துபோயிருக்கிறாள். அந்தக் குறியை அணைத்துவைக்கும் வசதியும் உண்டு. (அணைத்து வைத்தால், “எதை மறைக்கிறாய்?” என்ற கேள்வி வருகிறது என்பது வேறு கதை.)

நேரில் நான்கு வார்த்தை பேசத் தயங்கும் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் எழுத்தில் மனம்விட்டுப் பேசுவதையும், படிப்புக்காகவோ வேலைக்காகவோ பிரிந்துபோனவர்கள் பழைய நட்பைக் காணொளி அழைப்பில் காப்பாற்றி வருவதையும் கட்டுரை ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. டிண்டர் என்ற, காதல் துணை தேடும் செயலி பற்றிய பகுதியில் மட்டும் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன். 2012இல் அறிமுகமான அச்செயலியில் ஒருவரின் படத்தை வலமோ இடமோ தள்ளியதும் அடுத்த முகம் வந்து நிற்பதால், எதிரில் இருப்பவரைப் பொறுமையாக அறிந்துகொள்ள வேண்டிய தேவையே மனதில் எழுவதில்லை.