சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பொன்னாடை வேண்டாம், மோர் போதும்

மகரவிளக்குக் கூட்டம் ஓய்ந்து நம்ம ரோடு கொஞ்சம் மூச்சுவிடும் நேரம். கொல்லத்திலிருந்து சென்னைக்கு சைக்கிளில் போகும் ஒரு குழு நம் செங்கோட்டை வழியாக வரப்போகிறதாம். வசதியில்லாத புற்றுநோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டுகிறார்கள். ஆரியங்காவு, கோட்டைவாசல், புளியரை என்று இறங்கி நம் ஊருக்குள் நுழைந்து, தென்காசி, கடையநல்லூர், ராஜபாளையம் தாண்டி மதுரைப் பக்கம் போகிறார்கள். நல்ல காரியம், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அதற்கு நம் ஆட்கள் போட்டிருக்கும் ஏற்பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாலு இடத்தில் ஃப்ளெக்ஸ், ஆளுக்கொரு பொன்னாடை, கேடயம், மேளம், ரோட்டோரம் கொடி பிடித்த பள்ளிப் பிள்ளைகள். வருகிறவர்கள் படத்தைவிட வரவேற்கிறவர்கள் படம் பெரிதாக இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரானூர் பார்டர் டீக்கடையில் இந்தப் பேச்சு ஓடியது. (பழைய திருவிதாங்கூர் எல்லை அங்கேதான் இருந்தது. 1956-ல் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்ததும் அது மலைக்கு மேலே போய்விட்டது, பார்டர் என்ற பேர் மட்டும் போகவில்லை.) மரக்கடையில் லோடு ஏற்றும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, ஒரு சைக்கிளே ரெண்டு லட்சம் மூணு லட்சம்னு சொல்லுதாங்க. அதை வித்துக் குடுத்தாலே நாலு பேருக்கு வைத்தியம் பாத்திரலாம்லா? எதுக்கு இந்த வெயில்ல மிதிச்சுக்கிட்டு வாராங்க?”

சிரித்துவிட்டு நகரக்கூடிய கேள்வி இல்லை இது. ஆனால் திருச்செந்தூருக்கு பஸ் இருக்கும்போது தைப்பூசத்துக்கு ஏன் நடந்து போகிறோம் என்று அந்த அண்ணாச்சியிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? அவரே வருஷாவருஷம் நடக்கிறவர்தான். உடம்பை வருத்திச் செய்கிற காரியத்துக்கு ஊர் மனசு இளகும், கை தானாகப் பைக்குள் போகும். காவடியும் பால்குடமும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ‘புற்றுநோய்க்கு நிதி தாருங்கள்’ என்று தாள் நீட்டினால் பத்து ரூபாய் விழும். ‘நம்ம ஆபீஸ் பையன் கொல்லத்திலிருந்து மெட்ராஸுக்கு மிதிக்கிறான்’ என்றால் ஐந்நூறு விழும். பணம் நோய்க்குப் போவதாக இருந்தாலும், தெரிந்த முகம் கேட்டால்தான் வருகிறது.

அண்ணாச்சி கேள்வியின் இன்னொரு பாதிக்கு மட்டும் குழுவினர்தான் பதில் சொல்ல வேண்டும். திரட்டுகிற பணத்தில் எவ்வளவு நோயாளிக்குப் போகிறது, எவ்வளவு பின்னால் வரும் வேனுக்கும் ஒரே நிற டீசர்ட்டுக்கும் ஹோட்டல் ரூமுக்கும் போகிறது? இதைக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ என்று ஒரு சைக்கிள் பயணம் நடக்கிறது. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 1980-ல் தொடங்கியது. முதல் வருஷம் மிதித்தவர்கள் 36 பேர், சேர்ந்தது 10,200 டாலர். இதுவரை சேர்ந்த மொத்தம் இப்போது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எனக்குப் பிடித்தது அவர்கள் கணக்கு வைக்கும் விதம். சைக்கிள் ஓட்டுகிறவர் தன் பெயரில் திரட்டும் பணம் முழுசாக பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. நடத்துகிற செலவெல்லாம் ஓட்டுகிறவர் கட்டும் கட்டணத்திலும் ஸ்பான்சர் பணத்திலும் கழிகிறது. நம் ஊர் வழியாக வருகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றால் அதை அவர்கள் டீசர்ட் முதுகிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். ஸ்பான்சர் பெயருக்கு நடுவில் இடம் இருந்தால்.

சரி, இது அவர்கள் பாடு. நான் பேச வந்தது நம் ஊரைப் பற்றி.

அவர்கள் மிதித்து வரும் அந்த மலை ரோடு நமக்கு என்ன ரோடு? திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு, அதாவது அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிற ரோடு. நெல்லையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை உண்டுதான். ஆனாலும் ‘அந்த நோய்’ என்று தெரிந்த உடனே நம் பக்கத்தில் முதலில் வாயில் வரும் பேர் ஆர்.சி.சி. 1981-ல் அந்த மையம் தொடங்கியதிலிருந்தே இந்தப் பக்கத்து ஆட்கள் மலை ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் பாட்டன்மாருக்கு 1956 வரை திருவனந்தபுரம்தான் தலைநகரம், அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். தென்மலையில் திரும்பி குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு என்று வளைந்து வளைந்து போகும் பஸ்ஸில், மடியில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரையாவது பார்க்காமல் நீங்கள் போயிருக்க முடியாது. கீமோ முடிந்து அந்த வளைவுகளில் திரும்பி வருவதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ரயிலில் போகலாம் என்றால் கொல்லத்தில் இறங்கி மாற வேண்டும். அகலப்பாதைக்காக 2010-ல் நிறுத்திய ரயில் 2018-ல்தான் திரும்ப ஓடியது. இடைப்பட்ட அந்த எட்டு வருஷமும் எல்லோருக்கும் பஸ்தான் கதி.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒரு அக்கா இருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கு வாயில் புண் என்று போய், கடைசியில் கரண்ட் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ரேடியேஷன் என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல பேருக்கு ஐந்தாறு வாரம் தொடர்ந்து. தினமும் செங்கோட்டையிலிருந்து போய்வர முடியுமா? அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினார்கள். சிகிச்சைச் செலவு ஏதோ ஒரு வழியில் நடந்துவிட்டது. அக்காவை முறித்தது மற்ற செலவுகள். ரூம் வாடகை, இரண்டு பேர் சாப்பாடு, விழுங்க முடியாத ஆளுக்குத் தனியாகக் கஞ்சி, பால். துணைக்கு இவர் உட்கார்ந்ததால் பீடிக் கூலி நின்றுபோனது. இங்கே வீட்டில் பெண்பிள்ளையைத் தனியாக விட முடியாமல் அம்மாவைக் கூட்டிவந்து வைத்த செலவு வேறு. உதவிக்கு ஒரு அறக்கட்டளையைக் கேட்டபோது, மருத்துவமனை பில் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்களாம். கஞ்சிக்கு எந்த மருத்துவமனை பில் கொடுக்கும்?

சைக்கிள் குழுவிடம் நம் ஊர் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். ‘சிகிச்சை நிதி’ என்று நீங்கள் திரட்டுவது மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் போகும், போகட்டும். அந்த ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதே அளவு தேவை வாடகையும் வழிச்செலவும் துணைக்கு வருகிறவரின் சோறும். ரசீது இல்லாத செலவுக்கும் கொடுக்க ஒரு வழி பண்ணுங்கள். ஏமாற்றிவிடுவார்கள் என்று பயமா? நோயாளியின் ஓ.பி. சீட்டில் வந்துபோன தேதியெல்லாம் இருக்கிறது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதை அவர்கள் காதில் போட மேடையும் மைக்கும் சரிப்படாது. நம் ஆட்கள் யோசனையில் இன்னொன்றும் இருக்கிறது, ‘பயனாளிகள்’ சில பேரை மேடையேற்றி, சைக்கிள்காரர்கள் கையால் காசோலை வழங்கி போட்டோ எடுப்பதாம். தயவுசெய்து வேண்டாம். நம் பக்கத்தில் இந்த நோயை எவ்வளவு மறைக்கிறார்கள் என்று நமக்கே தெரியும். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பார்கள். அவர்களைக் கொண்டுபோய் ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நிறுத்துவது உதவியா, தண்டனையா?

அதற்குப் பதிலாக நான் சொல்வது சின்ன விஷயம். குழுவினர் அன்று ராத்திரி குற்றாலத்தில் ஏதோ ரிசார்ட்டில் தங்குகிறார்களாம். தங்கட்டும். அதற்கு முன்னால் சாயங்காலம் ஒரு மணி நேரம் நம் ஊரில், ஒரு வீட்டிலோ ஒரு பள்ளி வகுப்பறையிலோ உட்காரச் சொல்வோம். ஆர்.சி.சி. போய்வந்தவர்களில் பேச விருப்பம் உள்ள நாலைந்து பேர் போதும், துணைக்குப் போனவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. கேமரா கிடையாது, யார் பேரையும் எழுதுவதும் கிடையாது. டீ, பருப்பு வடை. இவர்கள் சொல்ல அவர்கள் கேட்கட்டும். ரோடு முழுக்க அவர்கள் பேசி நாம் கைதட்டுவதுதான் நடக்கப்போகிறது, ஒரு ஊரிலாவது மாறி நடந்தால் என்ன?

அப்புறம், சைக்கிளில் வருகிறவருக்கு உண்மையில் என்ன தேவை என்று யாராவது கேட்டோமா? கழுத்து வேர்த்துக் கொட்ட மலை ஏறி இறங்கிய ஆளுக்குப் பொன்னாடை போர்த்தினால் அவர் படும் அவஸ்தை போட்டோவிலேயே தெரியும். நமக்குத் தண்ணீர்ப் பந்தல் போடத் தெரியும். ஐயப்ப பக்தர்களுக்கு அன்னதானம் போடுகிறோம், பாதயாத்திரைக்காரர்களுக்கு மோரும் பானகமும் கொடுக்கிறோம், கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவர்கள்கூட உண்டு. அவர்கள் யாருக்கும் நாம் கேடயம் கொடுத்ததில்லை. இவர்களுக்கும் அதையே செய்தால் போதும். மோர், வாழைப்பழம், உப்புப் போட்ட எலுமிச்சை சர்பத். சுத்தமான ஒரு கழிப்பறை, முக்கியமாகக் குழுவில் வரும் பெண்களுக்கு. பஞ்சர் ஒட்ட ஒரு ஆள். தை மாசத்தில் கிழக்குக் காற்று இருக்கும், கடையநல்லூர் தாண்டினால் வெட்டவெளியில் முகத்திலேயே அடிக்கும், விடிவதற்குள் கிளம்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். குற்றால சீசன் நேரத்து மேற்குக் காற்றை மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர்கள், காற்று தங்களை மதுரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் மலை இறக்கத்தில் இருக்கும் எஸ் வளைவுதான். ஆரியங்காவுக் கணவாய் மூணாறு மாதிரி பெரிய ஏற்றம் இல்லை, கோட்டைவாசலில் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் இந்தப் பக்கம் இறக்கம். ஆனால் கீழே இருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகள் அந்த வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். வேகமாக இறங்கி வரும் சைக்கிள் எதிரே இருப்பது டிரைவருக்குத் தெரியவே தெரியாது. மேளத்துக்கு ஆள் பிடிக்கிற நேரத்தில், சைக்கிள்கள் இறங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு லாரிகளைப் புளியரையில் நிறுத்திவைக்க முடியுமா என்று போலீஸில் ஒரு மனு கொடுக்கலாம். வளைவின் இரண்டு பக்கமும் சிவப்புத் துணியோடு நாலு பையன்களை நிறுத்தலாம், பள்ளிப் பிள்ளைகளை இல்லை, கிரிக்கெட் ஆடுகிற பெரிய பையன்களை. பிள்ளைகள் வகுப்பில் இருக்கட்டும்.

பணம் கொடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடந்து போகிற ஊர் கைதட்டினால் போதும் என்று நாமே முடிவு பண்ணிவிடுகிறோம். கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு 1980 ஏப்ரலில் நாட்டின் கிழக்கு முனையிலிருந்து ஓடத் தொடங்கினார். அவர் சைக்கிளில் போகவில்லை, ஓடியேதான் போனார். ஆரம்பத்தில் பல இடங்களில் கண்டுகொள்ள ஆளில்லை. நியூஃபவுண்ட்லாந்து தீவின் மறுகோடியில் போர்ட் ஓ பாஸ்க் என்றொரு சின்னத் துறைமுக ஊர், அப்போது சுமார் 10,000 பேர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் இடம். அந்த ஊர் அவரிடம் கொடுத்தது 10,000 டாலருக்கும் மேல். அதாவது தலைக்கு ஒரு டாலர். 143 நாள் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவி அவர் நிற்க வேண்டிவந்தது தனிக் கதை. நம் நகராட்சியில் கால் லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். தலைக்குப் பத்து ரூபாய் வைத்தால்கூட இரண்டரை லட்சம். அதைக் குழுவிடம் கொடுத்தாலும் சரி, நம் ஊரிலேயே ஆர்.சி.சி. போகிறவர்களின் வாடகைக்கும் கஞ்சிக்கும் என்று தனியாக வைத்தாலும் சரி. எனக்கு இரண்டாவதுதான் இஷ்டம்.

காசே செலவில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணமும் சலுகை, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். சாதாரண இரண்டாம் வகுப்பு என்றால் இரண்டு பேருக்கும் 75 சதவீதம். மருத்துவமனை கையெழுத்துப் போட்ட சான்று இருந்தால் ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்து வாங்கலாம். மேலே சொன்ன அக்காவுக்கு இது தெரியாது. கடைசி வரைக்கும் முழு டிக்கெட் எடுத்தே போய்வந்திருக்கிறார். ஃப்ளெக்ஸ் அடித்தே தீருவோம் என்றால் அதில் இதை அடியுங்கள், படங்களுக்கு இடம் விட்டது போக மிச்சம் இருந்தால்.

வரவேற்புக் கமிட்டிக்காரர்களுக்கு என் மேல் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். வரவேற்புக்கென்று கடைகளில் பிரித்த தொகை எவ்வளவு, அதில் இதுவரை எதற்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்கள் என்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஃப்ளெக்ஸ்காரருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே நிறுத்திவிடலாம்.