ராணியைத் திருப்பித் தராதவன் பேசுகிறேன்

முந்தாநாளிலிருந்து நம் செஸ் குரூப்பில் சுற்றும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "மனசாட்சி இல்லாத ஆள்" என்று வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்களே, அது நான்தான். தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் அறிவுரை வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. இப்போது நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

ஆன்லைனில் செஸ் ஆடும் லிச்செஸ் தளத்தில் பத்து நிமிஷ ரேட்டட் கேம், அதாவது ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். எதிரில் ஆடிய தம்பியின் ராணி ஜி3-ல் நின்றது. ஜி4-க்கு வைக்க நினைத்தானாம், விரல் வழுக்கி ஜி5-க்குப் போய்விட்டது. எச்6-ல் என் சிப்பாய். "அண்ணே விரல் பட்டுருச்சு, ரிட்டர்ன் குடுங்க" என்று சாட்டில் கேட்டான். நான் ராணியை வெட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. கொலை எதுவும் நடக்கவில்லை.

என் செட்டிங்ஸில் டேக்பேக், அதாவது போட்ட மூவைத் திருப்பி வாங்குவது, "சாதாரண ஆட்டத்தில் மட்டும்" என்றுதான் இருக்கிறது. ரொம்ப நாளாக அப்படித்தான். எதிரில் இருப்பவர் யாரென்று பார்த்து நான் மாற்றுவதில்லை. ரேட்டட் என்றால் போட்ட மூவ் போட்டதுதான். நான் போட்டாலும் அப்படித்தான், கலெக்டர் வந்து போட்டாலும் அப்படித்தான்.

"அது மூளை செய்த தப்பில்லை, விரல் செய்த தப்பு, இதுகூடப் புரியாதா?" என்று கேட்கிறார்கள். புரிகிறது சார். ஆனால் என் ஸ்க்ரீனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதானே வந்து சேருகிறது? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தில், அப்போது சாம்பியனாக இருந்த டிங் லிரன் யானையை எஃப்2-வில் வைத்தாரே, அதைப் பார்த்தவர்களுக்கும் கை தவறி வைத்த மாதிரிதான் இருந்தது. எதிரில் ஆடிய குகேஷ் "சார், நிஜமாவா?" என்று கேட்டுவிட்டா ஆடினார்? அன்றைக்கு இதே குரூப்பில் லட்டு படமும் பட்டாசு படமுமாகப் போட்டுக் கொண்டாடினீர்கள். அந்தத் தப்பு மூளைக்கணக்கு, இந்தத் தப்பு விரல்கணக்கு என்று ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ராணி போன பிறகு எல்லாருக்கும் விரல்தான் வழுக்கியிருக்கும்.

நேரில் ஆடும்போதே இது தீராத வம்பு. 1994-ல் ஸ்பெயினில் லினாரெஸ் போட்டியில் செஸ் ஜாம்பவான் காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, விரலை எடுத்து, மறுபடியும் பிடித்து வேறு கட்டத்துக்குக் கொண்டுபோனார். எதிரில் இருந்த ஜூடித் போல்கர் அந்த நேரத்தில் முறையிடவில்லை. விரல் எடுபட்டது பிறகு வீடியோவில் தெரிந்தது. கேமரா இருந்தும் இன்றைக்கு வரை அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மண்டபம் ஊரில் கடைக்குள் உட்கார்ந்திருக்கிற நான், அடுத்த ஊரில் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆடுகிறவனின் விரலை எப்படிப் பார்ப்பது?

உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதியை எடுத்துப் போட்ட வக்கீல் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. தெரியாமல் கை பட்டால் தொட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விதி இருப்பது உண்மைதான். அது காயின்மேல் கை படுவதைப் பற்றியது. காயைக் கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் மாற்ற முடியாது என்பதும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் கீழேயும் படித்திருக்கலாம்.

முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் கதையைச் சொன்னவர்கள்தான் அதிகம். 2020-ல் ஆன்லைன் போட்டியில் அவரோடு ஆடிய டிங்குக்கு நெட் போய் ஆட்டம் கையை விட்டுப் போனது. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் ராணியைச் சும்மா கொடுத்துத் தோற்றார். அழகான செயல், நானும் கைதட்டியவன்தான். ஆனால் அவரை யாராவது குரூப்பில் வைத்துக் கேலி செய்தா அதைச் செய்ய வைத்தார்கள்? தானாகக் கொடுப்பது ஒன்று, கழுத்தில் துண்டைப் போட்டு வாங்குவது வேறொன்று.

இதில் பெரிய கூத்து, "அடுத்த கேம்ல தோத்துக் குடுத்துரு, பாயிண்ட் சரியாப் போயிடும்" என்று மூன்று பேர் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். ரேட்டட் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்பதுதான் அண்ணன்மார்களே ஃபேர்ப்ளே மீறல்! லிச்செஸ்ஸோ செஸ்.காமோ, கண்டுபிடித்தால் அக்கவுண்டின்மேல் நடவடிக்கை எடுப்பார்கள். கார்ல்சன் செய்தது எல்லாரும் பார்க்க, ஒரு போட்டிக்குள்ளே. ஃபிடே ரேட்டிங்குக்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை. விதிப்படி ஆடினவன் மனசாட்சி இல்லாதவன், விதியை உடைக்கச் சொல்கிறவர்கள் நல்லவர்கள். நடக்கட்டும்.

"சின்னப் பையன்" என்பதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. சின்னப் பையன்தான். நாளைக்கு மாவட்டப் போட்டியில் நடுவர் அவன் வயதைக் கேட்டா தொட்ட காயை விடுவார்? விரல் வழுக்குகிறதென்றால் அதற்கும் செட்டிங் இருக்கிறது. காயை இழுக்காமல் ரெண்டு கட்டத்தைத் தொட்டு நகர்த்தலாம், மூவை உறுதி செய்யச் சொல்லிக் கேட்கும்படியும் வைத்துக்கொள்ளலாம். அதை யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? ஸ்க்ரீன்ஷாட் எடுக்க மட்டும் நேரம் இருந்தது.

அந்தத் தம்பிக்கே வருத்தமில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? ஆட்டம் முடிந்ததும் "சரிண்ணே" என்று மறு ஆட்டம் கேட்டான். ஆடினோம். என்னைச் சுருட்டிவிட்டான், போன ஐந்தாறு புள்ளியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்த ஸ்க்ரீன்ஷாட்டை யாரும் போடவில்லை.

முதல் ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டவர் யார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். போன ஆடியில் கச்சான் காற்று அடித்துக் கரண்ட் போய், டவரும் போய், ரெண்டு மூவில் மேட் கொடுத்து ஜெயிக்கிற நிலையில் நான் இருட்டில் போனைப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கும் ரோட்டுக்கும் ஓடினேன். சிக்னல் வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. எதிரில் ஆடியவர் அதே அண்ணன்தான். "நெட் பிரச்சனைண்ணே" என்று எழுதினேன். "அது உன் பிரச்சனை தம்பி, ரூல் ரூல்தான்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை குரூப்பில் போடவில்லை. அன்றைக்கு இந்த மனசாட்சிக் கமிட்டியில் ஒருவர்கூடக் கண் திறக்கவில்லை. கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒருவர் மட்டும் போன் பண்ணி "விடுங்க தம்பி" என்றார்.

அதனால் இதை விரல் பிரச்சனை என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. நாலு பேர் தூக்கிப் பிடித்தால் ஒருவனுக்கு டேக்பேக், ஆள் இல்லாதவனுக்கு ரூல். படகு டோக்கனிலிருந்து கோயில் மண்டகப்படி வரைக்கும் நம் ஊரில் பார்த்துச் சலித்த கதை இது. செஸ்ஸில் மட்டுமாவது இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் கடையைச் சாத்திவிட்டு ராத்திரி இதில் வந்து உட்காருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லீக்குக்கு நான் வருவேன். டேக்பேக் உண்டா இல்லையா என்று அட்மின் சனிக்கிழமைக்குள் எழுதிப் போட்டுவிடட்டும். உண்டு என்றால் முதல் ஆளாக நானும் கொடுக்கிறேன். போட்ட பிறகு நடுவில் யாருக்காகவும் மாற்றாதீர்கள், அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.