அவிழ்த்து விடுவதற்குப் பெயர் வாக்கிங் இல்லை

குன்னூர், கோத்தகிரி பக்கம் நாய் வளர்க்கிறவர்களிடம் "நடக்கக் கூட்டிப் போறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "காலைல அவுத்து விட்டுருவோம், அதுவே தோட்டத்தைச் சுத்திட்டு வந்துரும்" என்பார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது. வாரம் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து கிலோமீட்டர் மலையேற்றி இறக்குகிறவர்கள். இவர்களால்தான் நாய் நொண்டுகிறது. அவிழ்த்துவிடுகிறவர்களால்தான் நாய் காணாமல் போகிறது.

அவிழ்த்துவிட்ட நாய் உண்மையில் நடப்பதே இல்லை. நாலு கம்பத்தில் காலைத் தூக்கிவிட்டு, டீக்கடை வாசலில் வர்க்கித் துண்டுக்காகப் படுத்துக் கிடக்கும். நடுவில் எதையாவது பார்த்துச் சரிவில் பாயும். தசைக்கு வேலை இல்லை, மூட்டுக்கு மட்டும் அடி. காட்டுமாட்டைப் பார்த்தால் குரைக்கும். மாடு திரும்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடும்? நேராக உங்களிடம்தான், பின்னாலேயே முக்கால் டன் எடையைக் கூட்டிக்கொண்டு. சோலைக்குள் போய்க் கடமானை விரட்டினால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் வேட்டைதான். இருட்டில் சிறுத்தைக்கு நாயைவிட எளிய இரை கிடையாது. அதனால் ஐந்தடி, ஆறடிக் கயிறு கையில் இருக்கட்டும். நன்றாக வெளிச்சம் வந்தபிறகு, குளிர்காலத்தில் ஏழு, ஏழரைக்குக் கிளம்புங்கள். மாலை ஐந்தரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

மலை ஏறினால் நாய்க்கு மூட்டு போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தலைகீழ்! மெதுவாக ஏறுவது பின்னங்கால் தசைக்கு அருமையான பயிற்சி. ஆபத்து இறக்கத்தில். சமதளத்தில் நிற்கும்போதே நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. இறங்கும்போது இன்னும் கூடும். 35 கிலோ லேப்ரடார் ஈரக் கான்கிரீட் ரோட்டில் இழுத்துக்கொண்டு இறங்கினால், ஒவ்வொரு அடியும் தோளிலும் முழங்கையிலும் இடிக்கிறது. தேயிலைத் தோட்டப் படிகளைத் தாவி இறங்குவது அதைவிட மோசம். வேகமாக இறங்கிச் சட்டென்று திரும்பும்போதுதான் பின்முழங்கால் ஜவ்வு அறுகிறது.

செய்யவேண்டியது எளிது. வீட்டை விட்டதும் ஐந்து நிமிஷம் நிதானம். முதலில் ஏற்றம், பிறகு சமதளம், திரும்ப வரும்போது இறக்கம் என்று வழியை அமையுங்கள். இறக்கத்தில் நேராக வராமல், ஆள் இல்லாத ரோடாக இருந்தால் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வாருங்கள். கழுத்துப் பட்டையை விட மார்புப் பட்டை நல்லது. இழுக்கிற நாய்க்குக் கழுத்தில் சுருக்கு விழாது, உங்களுக்கும் பிடிமானம் கிடைக்கும்.

எவ்வளவு நேரம்? ஆரோக்கியமான நடுத்தர நாய்க்குக் காலை அரை மணி, மாலை அரை மணி. இதுவரை நடக்காத நாய் என்றால் பத்துப் பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷமாகக் கூட்டுங்கள். குட்டிக்கு, வயது ஒரு மாதத்துக்கு ஐந்து நிமிஷம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. பெரிய இனங்களில் எலும்பு வளர்ந்து முடிந்து அதன் நுனிகள் மூட ஒன்றேகால், ஒன்றரை வருஷம்கூட ஆகும். அதுவரை படித் தாவலும் நீண்ட இறக்கமும் வேண்டவே வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த நாயை முதல் இரண்டு நாள் விரட்டாதீர்கள், இந்த உயரத்தில் காற்று மெல்லிசு. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு இன்னும் கவனம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் இன நாய்களுக்கு முடி குட்டை. உறைபனிக் காலையில் ஒரு கோட்டு மாட்டினால் தப்பில்லை.

சாப்பிட்டவுடன் நடக்கவிடாதீர்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இடைவெளி, நடந்து வந்தபிறகு அரை மணி இடைவெளி.

நடை போதுமா என்று விலா எலும்பு சொல்லும். உங்கள் புறங்கையைத் தடவிப் பாருங்கள், விரல் எலும்பு லேசாகத் தட்டுப்படுகிறதே, நாயின் விலா அப்படி இருந்தால் சரி. உள்ளங்கைச் சதை மாதிரி மெத்தென்று இருந்தால், பால் சோற்றைக் குறைக்காமல் நடையை மட்டும் கூட்டிப் பிரயோஜனமில்லை. எந்த முன்னங்காலைத் தரையில் வைக்கும்போது தலை மேலே எழும்புகிறது என்றும் பாருங்கள். அதுதான் வலிக்கிற கால். படுத்து எழும்போது விறைப்பாக இருந்து, பத்தடி நடந்ததும் சரியாகிவிட்டால் "வயசாயிருச்சு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் நடையை நிறுத்தவேண்டாம், நேரத்தைக் குறைத்தால் போதும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். அதற்கான தடுப்பூசி வருஷாவருஷம் போடவேண்டும். மருந்து அடித்த தேயிலைப் பாத்தியோரம் போயிருந்தால் பாதத்தைக் கழுவிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கைப் பிரித்துத் துடைத்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்து, ராத்திரி முழுக்க நக்கிக்கொண்டே இருக்கும். அப்படியே காதுமடல், அக்குள், விரல் இடுக்கு என்று உண்ணியையும் அட்டையையும் தேடுங்கள். அட்டைமேல் தீயை வைக்காதீர்கள். மெலிந்த முனைக்கடியில் நகத்தை நுழைத்துத் தள்ளி, பிறகு பருத்த முனையை விடுவித்து, பஞ்சால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். ஓடையிலோ குட்டையிலோ தண்ணீர் குடித்து வந்த நாய் நாள்கணக்கில் தும்மி, ஒரே ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ரத்தம் சொட்டினால் உள்ளே அட்டை உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் கிடுக்கியை விட்டு நோண்டாமல் அப்படியே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.