மொட்டைப் பாறைதானே என்கிறவர்களுக்கு

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், "அங்க என்னய்யா இருக்கு, மொட்டைப் பாறைதானே" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாறை என்றால் வெட்டி விற்கிற சரக்கு என்றே மேலூர்ப் பக்கம் ரொம்ப காலம் பழக்கிவிட்டார்கள். கீழவளவுப் பக்கம் போனால், மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணி தேங்கிய பள்ளங்களைப் பார்க்கலாம்.

மழை நாளில் அங்கே போய் நில்லுங்கள். மண் குடித்துவிடும், பாறை குடிக்காது. விழுகிற மழையில் பெரும்பங்கு அப்படியே சரிவில் வழிந்து ஓடிவரும். பாறை மேல் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் தெரியுமே, அழுக்கு என்று நினைப்போம். அவை அந்தத் தண்ணி ஓடும் தடங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் ஒட்டிக்கிடக்கின்றன. வெயிலில் கருகிக் கிடப்பவை, ஈரம் பட்டால் உயிர் பிடித்துக்கொள்ளும். வழிகிற தண்ணியில் கொஞ்சம் சுனைக்கு, மிச்சம் வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்கு. இங்கே ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. அந்த மொட்டைப் பாறையில் வழிவதுதான் இந்த வயலுக்கெல்லாம் கூரைத் தண்ணி.

பாதாமி மாதிரி செக்கச்செவேல் என்ற மணற்பாறை இல்லை நம்முடையது, போட்டோவுக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காதுதான். கருங்கல் ஜாதி. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் யுகயுகமாக அரித்துப் போக, உள்ளிருந்த பாறை விரிந்து ஏடு ஏடாக உரிகிறது. அந்த இடுக்கில் தூசி சேர்ந்து, ஈரம் நின்று, இச்சி மரம் வேர்விடுகிறது. பாறை உரிந்து குடைந்த நிழலில்தான் சமண முனிவர்கள் படுக்கை வெட்டினார்கள். அங்கே பொறித்த தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி, 2,000 வருஷத்துக்கும் மேலாக மழையில் கரையாமல் நிற்கிறது. இந்தக் கல்லைக் குடைந்து சிவன் கோயில் எடுத்தவனின் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்புதான். 250 வகைப் பறவைகள் என்கிறார்கள். லகுடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு எல்லாம் இருக்கின்றன. கீழே தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சம். சந்தோஷம். ஆனால் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன பரப்பு 2,015 ஹெக்டேர், இந்த 193-ஐயும் உள்ளே வைத்து! எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் மத்திய அரசு என்ன சொன்னது? பல்லுயிர்ப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மறுபடி பார்க்கிறோம் என்று. ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கிளம்பி வந்தார்கள். 23-ஆம் தேதி ஏலமே ரத்து.

அந்த டிசம்பர் யோசனைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அது மறுபடி வரும். கோட்டுக்கு உள்ளே மலையை வைத்துவிட்டு வெளியே வெடி வைத்தால் சுனை ஊறுமா? வரத்துக்காலை மண் போட்டு மூடினால் கண்மாய் எப்படிப் பெருகும்? பாறையில் குஞ்சு பொரிக்கிற வல்லூறு இரை தேடுவது வயல்வெளியில். அது நம் சர்வே கல்லைப் பார்த்தா பறக்கிறது?

ஆகவே என் கட்சி இதுதான்: தண்ணி எங்கிருந்து எங்கே போகிறதோ அதை வைத்து எல்லை போடுங்கள். நரசிங்கம்பட்டிப் பெருமாள் மலை உட்பட பக்கத்துக் குன்றுகளையும், அவற்றின் வரத்துக்கால், கண்மாய்களையும் சேர்த்து அறிவியுங்கள். சுரங்கம் வேண்டாம் என்று கிராமசபையில் தீர்மானம் போட்ட மக்களையே எல்லை குறிக்கவும் கூப்பிடுங்கள், நீரோட்டம் அவர்களுக்குத்தான் அத்துப்படி.

இடையில் வாரக்கடைசிக் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. ஸ்பீக்கர், ட்ரோன் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க. தை, மாசியில் வல்லூறு வெறும் பாறை விளிம்பில்தான் முட்டையிட்டிருக்கும், கூடுகூடக் கட்டாது. ட்ரோனுக்குப் பயந்து அது எழுந்து போனால் முட்டை வெயிலில் கிடக்கும்.