சிரிஞ்ச் கேட்டால் முகத்தைப் பார்க்காதீர்கள்

ஒரு சிரிஞ்ச் வாங்குவதற்கு என் தம்பி தாடியை மழித்துக்கொண்டு போக வேண்டுமா? கேரள எல்லையில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மருந்துக் கடைக்காரர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி ரோட்டில் கடை வைத்திருப்பவர்களையும் சேர்த்தே கேட்கிறேன். தண்ணீரிலிருந்து கள் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிற இரண்டு மாநிலமும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன.

அம்மாவுக்குச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் இன்சுலின் போட வேண்டும். பேனா வகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. குப்பி மருந்துதான், சிரிஞ்ச் தனியாக வாங்க வேண்டும். நான் போய்க் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் எடுத்து வைக்கிறார்கள். தம்பி போனால் "டாக்டர் சீட்டு உண்டோ?" என்று ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் "சீட்டு இல்லாம ஊசி தர்றதில்லைங்க" என்கிறார்கள். அவன் தேங்காய் லோடு ஏற்றிவிட்டு அழுக்குச் சட்டையோடு பைக்கில் போகிற இளவட்டம். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். அதே கடை, அதே கல்லா, அதே சிரிஞ்ச். அக்காவுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை.

சரி, சீட்டை எடுத்துக்கொண்டே போனால்? டாக்டர் பொள்ளாச்சிக்காரர் என்றால் இங்கே முகம் சுளிக்கிறார்கள். பாலக்காட்டு ஆஸ்பத்திரிச் சீட்டு என்றால் அங்கே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். எல்லையில் குடியிருக்கிறவர்கள் அன்றைக்கு எந்த பஸ் கிடைக்கிறதோ அந்தப் பக்கத்து டாக்டரிடம்தான் போவோம். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வாழ்கிறோம்.

இப்படி ஒரு நாள் அவன் வெறுங்கையோடு வந்து நின்றபோது, அம்மா டப்பாவைத் திறந்து காலையில் போட்ட சிரிஞ்சையே மறுபடி எடுத்தார். "நான் ஒருத்திதானே போடுறேன், என்ன ஆகப் போகுது?" என்றார். என்ன ஆகும் என்று அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். இன்சுலின் ஊசி மயிரிழை மாதிரி மெல்லியது. ஒரு முறை குத்தினாலே முனை மழுங்கத் தொடங்கும். மழுங்கிய ஊசியால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி விழும். அந்தக் கட்டியில் போட்ட மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. சர்க்கரை கண்டபடி ஆடும். டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். சிரிஞ்ச் கொடுக்காத கடைக்காரருக்கு இதில் ஏதாவது தெரியுமா? தெரிந்திருக்க வேண்டும், அவர் படித்தது மருந்தைப் பற்றித்தான்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்துக்கான சிரிஞ்ச் வேறு, அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு தீர்ந்துபோனால் ஆரஞ்சை நீட்டி "எல்லாம் ஒண்ணுதான், கொண்டு போங்க" என்று சொல்கிற கடைகள் இருக்கின்றன. ஒன்றே அல்ல. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், போவது 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழுவார், உயிரே போகலாம். கேள்வி கேட்டே தீர வேண்டும் என்றால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உங்கள் குப்பியில் 40 என்று போட்டிருக்கிறதா, 100 என்று போட்டிருக்கிறதா? இதைக் கேட்காத வாய்தான் சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறது.

சீட்டு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலில் இருப்பவை மருந்துகள். வெறும் சிரிஞ்ச் அதில் இல்லை. அதே பட்டியலில் இருக்கிற ஆண்டிபயாடிக்கை, "ரெண்டு நாளா சளிங்க" என்று சொன்ன மாத்திரத்தில் பட்டையிலிருந்து நறுக்கிக் கொடுக்கிறவர்களை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் விற்கிற கடைகளைப் பிடிக்கக் கேரளத்தில் 2024-ல் ஆபரேஷன் அம்ருத் என்று சோதனை போட ஆரம்பித்த பிறகு அதற்குக் கொஞ்சம் பயம் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் சீட்டு வேண்டியதற்குச் சீட்டு கேட்காமலும், வேண்டாததற்குக் கேட்டும் எத்தனை நாள் வியாபாரம் செய்வீர்கள்?

கேட்டால் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம். "போலீஸ் வந்து சொல்லிட்டுப் போனாங்க. பசங்க போதைக்கு வாங்கறாங்க." போலீஸ் சொன்னது எழுத்தில் இருக்கிறதா என்றால் இல்லை.

பசங்க என்கிறீர்களே, அவர்களைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். இங்கே பலர் என்னோடு கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை. அம்மாவுக்குச் சிரிஞ்ச் கிடைத்தால் போதும், அந்தப் பையன்கள் எக்கேடோ கெடட்டும் என்று என்னால் எழுத முடியாது. தோப்பு வேலைக்குப் போகிற பையன்கள், லாரிக்குக் கிளீனராகப் போகிறவர்கள், பரிட்சையில் தோற்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள். வலி மாத்திரையில் தொடங்கி ஊசிக்குப் போய்விட்டவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பையனின் கையில் சீழ் கட்டி, அவன் அம்மா என் அம்மாவிடம் வந்து அழுதார். அவனுக்குச் சிரிஞ்ச் தர மறுத்த கடைக்காரர் அன்றைக்கு அவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பார். அவன் ஊசி போடுவதை நிறுத்தவில்லை. இன்னொருத்தன் போட்ட ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டான். குடையைப் பிடுங்கிக்கொண்டால் மழை நின்றுவிடுமா?

2025 மார்ச் மாதம் மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில் என்ன நடந்தது என்று இங்கே எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஒரே சிரிஞ்சை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எச்ஐவி என்று தெரிந்தது. இரண்டு நாள் பரபரப்பாகப் பேசினார்கள். பேசியதெல்லாம் பையன்களின் ஒழுக்கத்தைப் பற்றி. அவர்கள் கையில் புது ஊசி ஏன் இல்லை என்று கேட்டவர் எத்தனை பேர்?

இது புதுப் பாடமும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் போலீஸ் நெருக்கடி கொடுத்து, சிரிஞ்ச் கிடைப்பதே அரிதானது. இருந்த சில ஊசிகளை ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டார்கள். 1986-ல் வெளியான ஆய்வில், ஒரு டாக்டர் குழு தங்களிடம் வந்த ஊசிப் பழக்கக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது பாதிப் பேருக்கு எச்ஐவி. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி என்று ஒரு கிராமப்புறம். எங்களை மாதிரியே சின்ன ஊர், அங்கேயும் வலி மாத்திரைதான். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்கிற ஊசி மாற்றுத் திட்டம் சட்டப்படி கூடாது என்று இருந்த இடம். 2015-ல் அந்த ஓராண்டுக்குள் 180 பேருக்கு மேல் எச்ஐவி பரவியது. பரவத் தொடங்கிய பிறகுதான், அந்த ஆண்டு மார்ச்சில், ஆளுநர் அவசரநிலை அறிவித்துப் புது ஊசி கொடுக்க அனுமதித்தார். மணிப்பூர் 1996-லேயே இதைப் புரிந்துகொண்டு ஊசி மாற்றத்தை மாநிலக் கொள்கையில் எழுதிக்கொண்டது. எழுத்தறிவில் நாங்கள்தான் முதலிடம் என்று மார்தட்டுகிற மாநிலத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 22-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பதிவு பெற்ற ஊசி மாற்றுத் திட்டத்தில் ஒருவர் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசியைக் கொடுத்தால், கொடுத்தவர் மேலும் வழக்கு இல்லை, வாங்கியவர் மேலும் வழக்கு இல்லை என்று எடுத்துக்காட்டோடு எழுதியிருக்கிறது. நாட்டின் நாடாளுமன்றம் எழுதியது இது. அந்த வேலையைச் செய்கிற திட்டங்களும் இருக்கின்றன. கேரளத்தில் சுரக்ஷா என்ற பெயரில் நடக்கிறது. அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களே பழைய கூட்டாளிகளைத் தேடிப் போய், புது ஊசி கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கி, புண் இருந்தால் மருந்து போட வைத்து, ரத்தப் பரிசோதனைக்குக் கையோடு அழைத்துப் போவார்கள். விருப்பப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரனார்ஃபின் மாத்திரை உண்டு. ஒரு புது ஊசி கொடுக்கிற அந்த நிமிடத்தில்தான் இத்தனை கதவும் திறக்கிறது. கடைக்காரர் விரட்டிவிட்ட பையனிடம் இதில் எதை யார் போய்ச் சொல்வார்கள்?

ஆனால் எங்கள் கடைத்தெருவில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2030-க்குள் ஊசி போடும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 300 புது ஊசி போய்ச் சேர வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. இந்தப் பக்கத்துத் திட்டம் இந்தப் பக்கத்து ஆளுக்கு, அந்தப் பக்கத்துத் திட்டம் அந்தப் பக்கத்து ஆளுக்கு என்று பிரித்துக்கொண்டால், காலையில் கொழிஞ்சாம்பாறையிலும் மாலையில் பொள்ளாச்சியிலும் இருக்கிற பையன் யார் கணக்கில் வருவான்? வாளையார் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி இருக்கைக்கு அடியில் தேட ஆள் இருக்கிறது. அதே இடத்தில் ஒரு தமிழ் பேசும் சுகாதாரப் பணியாளர் ஒரு மேசை போட்டு உட்கார ஆள் இல்லையா?

"சிரிஞ்ச் கொடுத்தால் ரோடெல்லாம் ஊசி கிடக்கும், குழந்தைகள் காலில் குத்தும்" என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, என் குழந்தையும் அந்தத் தோப்பு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் பழையதைக் கொடுத்தால்தான் புதுசு என்கிற திட்டம் ஊசியை ரோட்டில் விடுமா, திரும்ப வாங்குமா? இன்றைக்கு என் அம்மா போட்ட ஊசியையே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, பாட்டில் பாட்டிலாகப் பரணில் அடுக்கி வைத்திருக்கிறேன். மாதாமாதம் பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனைச் சேச்சிகள் அதைத் தொட மாட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, குத்தினால் அவர்களுக்குத்தான். ஊசியை விற்கிற கடையே ஒரு டப்பா வைத்துத் திரும்ப வாங்கினால் என்ன கேடு?

அப்புறம் மஞ்சள்காமாலை. கல்லீரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. ஒருவர் போட்ட ஊசி இன்னொருவருக்குப் போனால் அது மிகச் சுலபமாகத் தொற்றும். அரசு 2018-லிருந்து அதற்கு இலவச மாத்திரை கொடுக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்தில் குணமாகிறது. குணமாக்கக் காசு இருக்கிறது, வராமல் தடுக்கிற சில ரூபாய்ச் சிரிஞ்சுக்கு மனசு இல்லை.

கடை வைத்திருக்கும் அண்ணன்மாரே, சேட்டன்மாரே, உங்களிடம் வாய்மொழியாக யாராவது தடை சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுத்தில் வராத உத்தரவுக்காக ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு பையன் பதுங்கிப் பதுங்கி வந்து சிரிஞ்ச் கேட்டால் விரட்டாமல் புதுசைக் கொடுங்கள். கூடவே 1097 என்ற எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். எச்ஐவி பற்றிக் கேட்க அது இலவச எண். எச்ஐவி பரிசோதனை செய்கிற இடம், இந்தப் பக்கம் ஜோதிஸ் மையம் எங்கே, அந்தப் பக்கம் நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இரண்டு மாநிலத்து எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களும் கோபாலபுரத்தில் சேர்ந்து ஒரு மையம் போடட்டும், எந்த ஊர் என்று கேட்காமல் ஊசி கொடுக்கட்டும், வாங்கட்டும். இடம் இல்லை என்று சொன்னால் எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடக்கிற கட்டடங்கள் இருக்கின்றன, நானே வந்து காட்டுகிறேன்.